மூணாவது மாடி மேடம்

"இன்னைக்கும் மூணாவது மாடிதானாண்ணே?" என்றான் கேபிள்.

"வேற யாரு? அதே தாவரவியல் மேடம்தான்." டெக்னீஷியன் திரையை அவன் பக்கம் திருப்பினார். 'மவுஸ் நகரவில்லை' என்று ஒரு புகார் வந்திருந்தது.

முந்தின நாள் 'எழுத்து சின்னதாகத் தெரிகிறது.' அதற்கு முந்தின நாள் 'பிரிண்டரில் பேப்பர் சிக்கிவிட்டது.' இரண்டு மாதமாக ஒரு நாளும் விட்டுவைக்கவில்லை. சில நாள் இரண்டுகூட வரும்.

கேபிள் பக்கத்துக் கட்டடத்து டெக்னீஷியன். எந்நேரமும் கழுத்தில் ஒரு கேபிள் தொங்குவதால் அந்தப் பெயர். வேலை இல்லாதபோது இங்கே வந்து உட்கார்ந்துகொள்வான்.

"என் கட்டடத்துல ரெண்டு மாசத்துக்கும் சேர்த்து ஒன்பதே ஒன்பது புகார். நான் தப்பிச்சேன். உங்களை நினைச்சாத்தான் பாவமா இருக்கு."

புகார் கூடினால் வேலை போய்விடுமோ என்று டெக்னீஷியனுக்கும் பயம்தான்.

பல்கலைக்கழகத்தில் பழைய சர்வர்களைக் கழற்றிவிட்டுப் புதுச் சேமிப்பகம் வைக்கிறார்கள். இருக்கிற கோப்புகளையெல்லாம் அதற்கு மாற்றும் வேலை நடக்கிறது. அத்தோடு உதவி மையங்களையும் குறைக்கப் போகிறார்களாம். ஏழு கட்டடம், ஏழு டெக்னீஷியன். யார் இருப்பார்கள், யார் போவார்கள் என்பது அடுத்த மாதக் கடைசியில் தெரியும்.

பதினோரு வருஷமாக ஒப்பந்த வேலை. இதுவரை அவர் கட்டடத்திலிருந்து புகார் என்று பெரிதாக எதுவும் போனதில்லை. காலையில் கதவு திறந்ததும் ஒரு சுற்று வந்துவிடுவார். வராண்டாவில் யாராவது வழிமறித்து, "கொஞ்சம் எட்டிப் பாருங்களேன்" என்றால் கையோடு முடித்துக் கொடுத்துவிடுவார். எழுதிப் போடவேண்டிய தேவை யாருக்கும் அதிகம் வந்ததில்லை, இந்த மேடம் ஒருவரைத் தவிர.

மாடி ஏறினார். மவுஸின் வயர் பாதி கழன்று தொங்கியது. சொருகினார். நகர்ந்தது.

"மேடம், ஒண்ணு கேட்கலாமா? தினமும் என்னை வராண்டாவுல பார்க்கிறீங்க. வாயால சொன்னாப் போதாதா? எதுக்கு எழுதறீங்க?"

அவர் இலைப் படங்களிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எழுதினாத்தானே பதிவாகும்."

"பதிவாகுதேன்னுதான் பயமா இருக்கு. எனக்கு ரெண்டு பொண்ணுங்க மேடம். இந்த வேலையை நம்பித்தான் குடும்பம்."

மேடம் நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர் போலிருந்தது. பிறகு, "நாளைக்கும் எழுதுவேன்" என்றார்.

டெக்னீஷியனுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஒரு வயரைச் சொருகத் தெரியாதவங்களுக்கு எதுக்கு மேடம் இவ்வளவு பெரிய கம்ப்யூட்டர்?"

மேடத்தின் முகம் சிவந்தது. மறுபடி படங்களைப் பார்க்க ஆரம்பித்தார்.

வீட்டில் சொன்னபோது மனைவி தலையில் கைவைத்துக்கொண்டாள். "கொஞ்சம் வாயை அடக்கியிருக்கக் கூடாதாங்க? நாளைக்கே போய் மன்னிப்பு கேட்டுட்டு வந்துடுங்க."

அவர் கேட்கவில்லை. மறுநாள் மூன்று புகார் வந்தது.

அடுத்த மாதமும் அப்படியே ஓடியது. மாதக் கடைசியில் இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார். டெக்னீஷியன் சட்டையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார்.

"உட்காருங்க. நீங்க வேலையில இருக்கீங்க," என்று இயக்குநர் ஒரு கடிதத்தை நகர்த்தினார்.

டெக்னீஷியன் கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"அவ்வளவு புகார் வந்துமா சார்?"

"வந்ததாலதான். மூணு மாசத்துல அறுபதுக்குக் குறைவா வந்தா அந்தக் கட்டடத்துக்குத் தனியா ஆள் வேணாம், போன்லயே சொல்லிக்கலாம்னு கமிட்டி முன்னாடியே முடிவு பண்ணிடுச்சு. வெளிய தெரிஞ்சா ஆளாளுக்குக் கூட்டி எழுதுவாங்கன்னு யார்கிட்டயும் சொல்லலை. உங்களுது தொண்ணூத்தி நாலு."

"பக்கத்துக் கட்டடம் சார்?"

"பதிமூணு. அந்தப் பையனுக்கு இன்னைக்கோட முடியுது."

டெக்னீஷியன் தலையைக் குனிந்துகொண்டார்.

"கமிட்டியில ஒருத்தர் மட்டும் ஒத்துக்கலை," என்றார் இயக்குநர். "புகார் வரலைன்னா ஆள் வேலை செய்யலைன்னு அர்த்தமில்ல, ஒழுங்காச் செய்யறார்னு அர்த்தம்னு ஒரு மணி நேரம் வாதாடினாங்க. எடுபடலை."

டெக்னீஷியன் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். இப்போதுதான் மூச்சு சீராக வந்தது. மூன்று மாதத்தில் முதல் தடவையாகச் சிரிப்பும் வந்தது.

"உள்ளதைச் சொல்லிடறேன் சார். அந்தத் தொண்ணூத்தி நாலுல எண்பதுக்கு மேல ஒரே ஆள் எழுதினது. கம்ப்யூட்டர்ல ஆனா ஆவன்னாகூடத் தெரியாதவங்க. அந்த விவரமில்லாத்தனம்தான் எனக்குச் சோறு போட்டிருக்கு."

"யாரைச் சொல்றீங்க?"

"மூணாவது மாடி, தாவரவியல் மேடம்."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"கமிட்டியில உங்களுக்காக வாதாடினது அவங்கதான். பழைய சர்வர்ல இருக்கிற மொத்தத்தையும் புதுசுக்கு மாத்திக்கிட்டிருக்கே ஒரு புரோகிராம், அதை எழுதினதும் அவங்கதான்."