மிஸியின் மெசின்

எட்டு மாதக் கர்ப்பிணி கரேனின் கையில், வீடு தேடி வந்த தாதி மிஸி ஷஹீரா மூன்றாவது முறையாக ரத்த அழுத்தம் பார்க்கிறாள். நூற்று அறுபத்தைந்து. தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டின் ஜன்னலில் பனி அப்பியிருக்கிறது. மாமியார் கத்தரீன் மெசினை முறைக்கிறாள். “மலைக்குளிருக்குக் கால் வீங்கத்தான் செய்யும். உங்க மெசின் சரியில்ல லா.” ஷஹீரா பட்டையைக் கழற்றி, கத்தரீனின் கையில் சுற்றுகிறாள். நூற்றிருபது. கத்தரீனின் சந்தேகம் மெசினை விட்டு மருமகள் மேல் திரும்புகிறது. “தல வலிக்குதா?” “மூணு நாளா. கண்ணுல பூச்சி பறக்குது அத்தே.” “ஏன் சொல்லல?” “நீங்கதான் குளிருன்னீங்க.” ஷஹீரா எழுந்துகொள்கிறாள். “இந்தப் பிரஷருக்கு வலிப்பு வந்தா ரெண்டு உயிருக்கும் ஆபத்து. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போலாம்.” கையில் சுற்றிய பட்டையோடு கத்தரீன் குனிந்து, மகனின் பெரிய செருப்பைக் கரேனின் காலடியில் வைக்கிறாள். அதுவும் ஏறமாட்டேன் என்கிறது.