நாலாவது விளக்கு

"இன்னும் இருபது நிமிஷம்தான் இருக்கு," என்றார் மேலாளர், கடிகாரத்தைப் பார்த்தபடி. வேலை கேட்டு வந்திருந்த பெண், ஒயரைச் சோதிக்கும் டெஸ்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இதுவும் தேறாது என்று அவர் மனத்துக்குள் முடிவு கட்டிவிட்டார்.

புதுக் கூடத்தில் இருபத்துநாலு நெட்வொர்க் பாயிண்ட். இன்னும் இருபது நிமிஷத்தில் கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கிவிடும். டெஸ்டரைச் செருகினால், ஒயருக்குள் இருக்கும் எட்டுக் கம்பிகளுக்கும் ஒவ்வொன்றாக எட்டு விளக்குகள் வரிசையாக எரிய வேண்டும். எங்கே செருகினாலும் நாலாவது மட்டும் எரிய மாட்டேன் என்று அடம்பிடித்தது. காலையில் வேலை கேட்டு வந்த இரண்டு பேரும், மொத்த ஒயரையும் பிடுங்கிப் புதிதாகப் போட வேண்டும் என்று கையை விரித்துவிட்டார்கள்.

"ஒயர் போட்டவன் அரைகுறை. போன வாரமே சீட்டைக் கிழிச்சுட்டேன்," என்றார் மேலாளர் பெருமையாக.

அவள் டெஸ்டரைச் செருகிப் பார்த்தாள். இந்த வேலை கிடைக்காவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது என்று வந்ததுமே சொல்லியிருந்தாள். கைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்து அணைத்துவிட்டு, அடுத்த பாயிண்டுக்கு நகர்ந்தாள்.

"யாரு, சும்மா சும்மா அடிக்கிறது?"

"வீட்டுக்காரர்தான் தேடுறார் சார். இங்க வர்றதைச் சொல்லல."

மேலாளருக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தார். "பதிமூணாவது பாயிண்டைக் காணோம்னு முழிக்காதீங்க, அது..." என்று திரும்பியபோது, அவள் இரும்பு அலமாரிக்குப் பின்னால் கையை விட்டிருந்தாள். அங்கேயும் நாலாவது எரியவில்லை.

அவள் நிமிர்ந்தாள்.

"இருபத்துநாலு பேருக்கும் ஒரே பல்லுல வலி வருமா சார்?"

"என்னம்மா சொல்றீங்க?"

டெஸ்டரையும் சுவரையும் இணைத்திருந்த முழ நீள ஒயரைப் பிடுங்கினாள். கைப்பையிலிருந்து அதே போல இன்னொன்றை எடுத்துச் செருகினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எட்டு வரை பச்சையாக எரிந்தன.

மேலாளர் நம்பவில்லை. டெஸ்டரை வாங்கிக்கொண்டு, கூடம் முழுக்க அவரே ஓடி ஓடிச் செருகிப் பார்த்தார். இருபத்துநாலும் எரிந்தன.

"சுவத்துல ஒரு குறையும் இல்ல சார். டெஸ்டரோட நீங்க குடுத்தீங்களே, அந்தத் துண்டு ஒயர்லதான் நாலாவது கம்பி அறுந்திருக்கு."

மேலாளர் மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்தார். "நாளைக்கே வேலைக்கு வந்துடுங்கம்மா," என்றவர், சட்டென்று தலையில் கை வைத்துக்கொண்டார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

"இந்தத் துண்டை நம்பி, அந்த ஆளை எல்லார் முன்னாடியும் திட்டி அனுப்பிட்டேனே. இப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவனைக் கூப்பிடுறது?"

போன் மறுபடி அதிர்ந்தது. இந்த முறை அவள் அணைக்கவில்லை. பச்சைப் பொத்தானைத் தொட்டு, அவரிடம் நீட்டினாள்.

"லைன்ல அவர்தான் இருக்கார், பேசுங்க சார்."