பதினேழு படிகள்

“பல்லக்குல ஏற மாட்டேன்னா மாட்டேன். நாலு பேரு தோள்ல உக்காந்தா மக கல்யாணத்துக்குப் போகணும்?”

“ஏ பிலோமி, மணி ஒன்பதரை ஆச்சு. கோயில்ல சாமியார் காத்துக்கிட்டு இருப்பாரு. நான் தூக்கிட்டு வாரேன்னாலும் வேண்டாங்குறே.”

“உங்க முட்டிய நம்பி வந்தா, கல்யாணப் பூசையோட அடக்கப் பூசையும் சேத்து வைக்கணும்.”

பிலோமினாவுக்குப் பக்கவாதத்தில் கால்கள் விழுந்துவிட்டன. அவளும் கணவன் கஸ்பாரும் இருந்தது, தூத்துக்குடிக் கடற்கரையில் போர்த்துக்கீசியர் கட்டிய மாளிகையில். சுவரெல்லாம் நீலப்பூ ஓடுகள், கதவுக்கு மேலே செதுக்கிய பெரிய சிப்பி, வாசலில் வளைந்திறங்கும் பதினேழு கல்படிகள். வீட்டைப் பராமரிக்கும் எந்திரம் வீடு கட்டிய 1640இல் இல்லாத எதையும் அந்தப் படிகளில் வைக்க விடாது. சக்கர நாற்காலிக்காகப் போட்ட சாய்தளத்தை மூன்று முறை பிரித்து எறிந்துவிட்டது. பல்லக்கு கூடத்தில் தொங்கிய அந்தக் காலத்து ஓவியம் ஒன்றில் இருந்ததால் அதை மட்டும் அனுமதித்தது.

அந்த ஓவியத்தில் பல்லக்கைச் சுமந்தவர்கள் பிலோமினாவின் முன்னோர்கள்.

அவள் நாற்காலியிலிருந்து சரிந்து முதல் படியில் உட்கார்ந்தாள். கைகளை ஊன்றி, இடுப்பை நகர்த்தி, ஒவ்வொரு படியாக இறங்கினாள். சிவப்புப் பட்டுச்சேலை கல்லில் உரசிக் கிழிந்தது. கஸ்பார் கைகளை நீட்டியபடி அவளுக்கு முன்னால் பின்னோக்கி இறங்கினான்.

அவளுக்குப் பின்னாலேயே வந்த எந்திரம், படிகளில் ஒட்டிய சிவப்பு நூல்களைத் துடைத்து எடுத்தது. கீழே வந்து அவள் திரும்பிப் பார்த்தபோது, அவள் இறங்கிய சுவடே படிகளில் இல்லை.

நீங்கள் பிலோமினாவாக இருந்தால் பல்லக்கில் ஏறியிருப்பீர்களா? மறைக்காமல் பதில் எழுதுங்கள்.