தனக்கோடி சொன்ன சாட்சி

தொடுப்பாக வைத்திருந்த வச்சலாவைக் கழுத்தை நெரித்துக் கொன்றதாகக் கடப்பாக்கத்து மீனவன் நீலமேகத்தின் மேல் வழக்கு. எழுபத்துநாலில் செங்கல்பட்டு கோர்ட்டில் அது விசாரணைக்கு வந்தது. கொலை நடந்த சாயங்காலம் அவன் கடலில் தனியாக இருந்தான். அதற்குச் சாட்சி யாருமில்லை. தூக்குதான் என்று வக்கீலே கைவிரித்துவிட்டார்.

அவன் மனைவி தனக்கோடி கூண்டில் ஏறினாள்.

"அன்னிக்கு சாயங்காலம் நாங்க ரெண்டு பேரும் வூட்லதான் இருந்தோம் சாமி."

குறுக்கு விசாரணையில் எப்படி மடக்கிக் கேட்டும் அவள் பேச்சு மாறவில்லை. நீலமேகம் விடுதலையானான்.

கோர்ட்டு வாசலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"உனக்கு அவ்ளோ துரோகம் பண்ணேன். எனக்கோசரம் பொய் சொன்னியே தனம்!"

"உனக்கோசரமா?" தனக்கோடி கையை உருவிக்கொண்டாள். "அன்னிக்கு நானும் நம்ம வூட்ல இல்லய்யா. அவ வூட்ல இருந்தேன்."