ஊற்றிய தண்ணீர்

எங்கள் சபைக்கு இயந்திரப் போதகர் வந்து இறங்கிய அன்று, கமிட்டித் தலைவர் ஏசுவடியான் அதனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"நீங்க ஆம்பளையா, பொம்பளையா?"

"இரண்டும் இல்லை" என்றது அது.

"பொம்பளை இல்லைல்லா? அது போதும்."

அவருடைய அக்கா எப்சிபா இறையியல் படித்துப் பட்டம் வாங்கியவள். அவளைப் போதகராக்க விடாமல் தடுத்ததும் இதே தம்பிதான். அப்படியும் ஞாயிறு மத்தியானம் அக்கா வீட்டு நல்லியெலும்பு தம்பி தட்டுக்குத்தான் போகும்.

வெகுநாள் கழித்து ஏசுவடியானுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்தன்று இயந்திரம் கையில் வாங்கியதுமே பிள்ளை வீறிட்டது. இயந்திரமோ பிழையே இல்லாமல் ஜெபத்தைச் சொல்லிக்கொண்டே போனது. பிள்ளைக்கு முகமெல்லாம் சிவந்து மூச்சு முட்டியது.

ஏசுவடியான் பதறிப்போய் முன்பெஞ்சைப் பார்த்தார். "அக்கா, வா. நீயே ஞானஸ்நானம் குடு."

எப்சிபா பீடத்துப் படியேறிப் பிள்ளையை வாங்கினாள். தண்ணீரில் முழங்கையை நனைத்துப் பார்த்துவிட்டு, பிள்ளையின் அம்மா வைத்திருந்த பால் பையிலிருந்து ஃபிளாஸ்க்கை வாங்கிக் கொஞ்சம் வெந்நீர் கலந்தாள். பிறகுதான் பிள்ளையின் பெயரைச் சொல்லித் தலையில் ஊற்றினாள். பிள்ளை அத்தையின் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தது.

வாசலில் ஒரு கமிட்டிக்காரர் மறித்தார். "இந்த ஞானஸ்நானம் செல்லுமா வே?"

ஏசுவடியான் மகளின் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார். "செல்லாதுன்னா, ஊத்துன தண்ணிய திருப்பி எடுத்துக்கிடும்."