ஆளுக்கு ஒரு தாளு

"இதை வாங்க மாட்டேன். எடுத்துக்கினு போங்கம்மா."

கிளார்க் ராஜாமணி மனுவைத் திருப்பித் தள்ளினதும் எனக்குக் கோவம் உச்சிக்கு ஏறிடுச்சு.

ஏறாதா பின்னே? மாவட்டத்துக்குப் போட்ட பருவநிலைத் திட்டத்துல எங்க ஏரி 'நீர்நிலை'ன்னுதான் இருந்துச்சு. கம்பெனிக்காரன் நிலக்கரி கொட்ட இடம் கேட்டான். ரெண்டே மாசத்துல ஏரி 'தரிசு' ஆயிடுச்சு! போன வெள்ளத்துல ஊரைக் காப்பாத்துன ஏரிங்க அது.

ஆட்சேபணை சொல்ல மறுநாள் சாயந்திரம் அஞ்சு மணி வரைக்கும்தான் கெடு. பத்து நாளா வீடு வீடா ஏறி, ஒரே மனுவுல முன்னூத்திப் பன்னெண்டு கையெழுத்து வாங்கிக்கினு திண்டிவனம் தாலுக்கா ஆபீசுக்கு வந்திருந்தோம்.

"என்னா சார் கொறை இதுல?" கூட வந்த ஆரோக்கியசெல்வி அக்கா கேட்டாங்க.

"ஆளுக்கு ஒரு தாளு. அவங்கவங்களுக்கு என்னா நஷ்டமோ, அதை அவங்கவங்க எழுதணும். ஜெராக்ஸ் எடுத்துக்கினு வந்தா அதையும் திருப்பிடுவேன்."

"ஒரே நாள்ல முன்னூறு பேரா?"

"அது உங்க பாடு."

பக்கத்து நாற்காலியில டீ குடிச்சுக்கினு இருந்த கம்பெனி ஆபீசர் எங்களைப் பார்த்துச் சிரிச்சார்.

அக்கா விடலை. "அவரு வாங்கிக் குடுத்த டீக்கு விசுவாசமா சார்? நல்லா இருங்க!"

ராஜாமணி குனிஞ்ச தலையோட அடுத்த ஃபைலைப் பிரிச்சார்.

எங்க ஊரு ஸ்டாப் கூட்டேரிப்பட்டுல பஸ்ஸை விட்டு எறங்குற வரைக்கும் அந்த ஆளை வாய்க்கு வந்தபடி திட்டிக்கினே வந்தேன்.

அன்னிக்கு ஊரே உக்காந்து எழுதுச்சு. மல்லாட்டைக் கடலைப் பயிரு காஞ்சிடும்னு ஒருத்தர். ஆட்டுக்குத் தண்ணி எங்கேன்னு ஒருத்தர். "அடுத்த வெள்ளம் வந்தா என் வீட்டுக்கு யாரு பொறுப்பு?"ன்னு தொம்மை மாமா. எழுதத் தெரியாதவங்க சொல்லச் சொல்ல நான் எழுதிக் கைநாட்டு வாங்கினேன். விரலு வீங்கிப் போச்சு. தாளுக்கு ஒரு சாபம் ராஜாமணிக்கு!

மறுநாள் மத்தியானம் தாள் கட்டைத் தூக்கி அவர் மேசை மேல தொப்புனு போட்டேன்.

மனுஷன் ஒவ்வொரு தாளா எடுத்து, நம்பர் போட்டு, சீல் குத்தினார். சாப்பாட்டுக்குக் கூட எழுந்திருக்கலை.

அஞ்சு மணிக்குக் கம்பெனி ஆபீசர் வேகமா உள்ளே வந்தார். கட்டைப் பார்த்ததும் மூஞ்சி செத்துப் போச்சு.

"என்னய்யா ராஜாமணி! நேத்து ஒரே மனுவா இருந்த ஆட்சேபணை இன்னிக்கு எப்பிடிய்யா முன்னூத்திப் பன்னெண்டு ஆச்சு?"

ராஜாமணி கடைசித் தாள்ல சீலைக் குத்திட்டு நிமிர்ந்தார்.

"எத்தினி பேரு கையெழுத்துப் போட்டாலும் ஒரு மனுன்னா ஒரே ஆட்சேபணைதான், ஜெராக்ஸ் செல்லாதுன்னு ரூல் போட வச்சதே உங்க கம்பெனிதானே சார்? நான் உங்க ரூல்படி தாளை எண்ணினேன்."