மரத்துக்காக ஒரு வார்த்தை

"இன்னைக்கு ஒன்னைய வெட்டாம விடமாட்டேன்! வேளாவேளைக்குப் பாத்துப் பாத்துச் செஞ்சேனே, அஞ்சு வருசமா எனக்கு என்னத்தப் பெத்துப் போட்ட?"

சிவனாண்டி போட்ட சத்தத்தில் கீழக்குயில்குடித் தெருவே திரும்பிப் பார்த்தது. பக்கத்து வீட்டுக் கனகலட்சுமி கையில் கரண்டியோடு ஓடிவந்தாள். அவர் மனைவி ஒச்சாயிக்கு என்ன ஆனதோ என்று அவளுக்குப் பதற்றம்.

ஒச்சாயி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் பத்திரமாகத்தான் இருந்தாள். சிவனாண்டி அருவாளை ஓங்கியிருந்தது எலுமிச்சை மரத்தின் மேல்.

"காய்க்கிற மரத்தைப் போயி வெட்டுறீங்களேண்ணே! கிளை தாங்காம எம்புட்டுக் காய் தொங்குது!"

"வெட்டலை தாயி, மிரட்டுறேன்."

"காய்க்காத மரத்தைத்தான மிரட்டுவாங்க?"

"இது மரத்துக்காக இல்ல" என்று குரலைத் தாழ்த்தி, கண்ணால் ஒச்சாயியைக் காட்டினார்.

மறதி நோய் வந்து மூன்று வருடம் ஆகிறது. முதலில் குழம்புக்கு உப்புப் போட மறந்தாள், அப்புறம் தெருவை மறந்தாள், கடைசியில் பேச்சே நின்றுபோனது. எட்டு மாதமாக அந்த வீட்டில் சிவனாண்டியின் குரலைத் தவிர வேறு குரல் இல்லை. சாப்பாடு ஊட்ட அவர் பக்கத்தில் போனாலே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வாள். குளிருகிறதாக்கும் என்று அவரும் ஃபேனை நிறுத்திவிட்டு, வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருப்பார்.

பழசு எதையாவது ஞாபகப்படுத்துங்கள், பேசினாலும் பேசுவார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சிவனாண்டிக்கு மரம் ஞாபகம் வந்தது.

அவர் ஆசையாக வைத்த கன்று அது. ஐந்து வருடம் பூக்கவே இல்லை. ஒருவர் அருவாளை ஓங்க வேண்டும், இன்னொருவர் குறுக்கே வந்து கெஞ்ச வேண்டும், அப்போதுதான் மரம் பயந்து காய்க்கும் என்று யாரோ சொன்னார்கள். அவர் அருவாளை ஓங்கினார். ஒச்சாயி சிரிப்பை அடக்க முடியாமல், "விட்டுருங்க, வர்ற வருசம் காய்ச்சிரும்" என்று மரத்துக்காகப் பேசினாள்.

சொன்னபடியே காய்த்தது. அன்றிலிருந்து அந்த மரம் அவளுக்குப் பிள்ளை மாதிரி. வேப்பம்புண்ணாக்கு வைப்பதும், இலை தின்னும் புழுவை ஒவ்வொன்றாக வைதுகொண்டே எடுப்பதும் அவள்தான்.

அந்த ஒரு வார்த்தையை இன்னொரு தடவை கேட்டால் போதும் என்றிருந்தது அவருக்கு. மறுபடி அருவாளை ஓங்கினார்.

"வெட்டத்தான் போறேன்! கேக்க யாரு இருக்கா?"

ஒச்சாயி கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழி தெரியாமல் அவர் ஒரு சின்னக் கிளையை நிஜமாகவே வெட்டினார். கிளை முறிந்து, நாலைந்து காய்கள் அவள் காலடிக்கு உருண்டு போயின.

"விட்டுருங்க..."

கனகலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டாள். சிவனாண்டி அருவாளைப் போட்டுவிட்டு ஓடிப்போய், மனைவியின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். சந்தோஷத்தில் அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"பேசிட்டியே புள்ள! இன்னொருக்கச் சொல்லு, எனக்காகச் சொல்லு."

ஒச்சாயி முந்தானையை இழுத்து நன்றாகப் போர்த்திக்கொண்டாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"விட்டுருங்கண்ணே... எங்க வீட்டுக்காரரு பாத்தா மனசொடஞ்சு போவாரு."